நாய்க்குப் போட்ட ஈரல்

ஜூன் 1, ஞாயிறு

மூன்று ஆடு. பத்தரை மணிக்கெல்லாம் காலி. கறி வெட்டும் கட்டையைச் சுரண்டிக் கழுவி உப்புத் தூவி மூடிவிட்டேன்.

மூன்றாவது ஆட்டின் ஈரலில் இரண்டு தண்ணிக்கட்டி இருந்தது. எலுமிச்சங்காய் அளவு, வெள்ளைத் தோல், உள்ளே தெளிந்த தண்ணீர். பால்ராஜ் வாத்தியார் ஈரலுக்காகவே ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார். கட்டியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொடு என்றார். மற்றக் கடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் முழு ஈரலையும் தூக்கி என் நாய் சிப்பாய்க்குப் போட்டேன். வாத்தியாருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. தொங்கட்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கடையில் கெட்ட ஈரல் ஒரு துண்டுகூடத் தராசில் ஏறியதில்லை. போடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

சிப்பாய் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தெரு நாய்களுக்கு விட்டுக்கொடுத்தான். ஒன்பது வயசாகியும் ஒரு நாள் நோய் என்று படுத்ததில்லை. பெரிய மனசுக்காரன். வளர்த்தவன் யார்?

என் வீட்டுக்காரி குருவம்மாள் மத்தியானம் சாப்பிடவில்லை. வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறதாம். வாயு என்றேன். ஒரே இடத்தில் ஒன்றரை வருஷமாக நிற்கிற வாயுவை எந்த ஊரில் பார்த்தீர்கள் என்று கேட்டாள். வலி வந்தாலும் அவளுக்கு வாய் மட்டும் குறைவதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

குருவம்மாளுக்குக் காய்ச்சல். ரசம் நான் வைத்தேன். நன்றாகவே இருந்தது, அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 5, வியாழன்

காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. அதோடு எழுந்து கொல்லையைக் கூட்டினாள். சிப்பாய் போய் வைப்பதையெல்லாம் அள்ளிப் போடுவது அவள் வேலை. எனக்குக் குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்கக் கட்டையில் குனிகிறீர்களே, அப்போது பிடிக்காதா என்று கேட்டாள். அது தொழில், இது வேறு என்றேன்.

கூட்டி முடித்த கையோடு பாத்தியில் கொத்தமல்லியைக் கிள்ளி மோரில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பாத்தியில்தான் சிப்பாய் வெயிலுக்குப் படுத்துக் கிடப்பான். ஈரமாக இருக்கும் அங்கே.

ஜூன் 8, ஞாயிறு

வியாபாரம் சுமார். குருவம்மாளின் தம்பி அழகர் வந்து கூட நின்று தோலை உரித்துக் கொடுத்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குக் கை கொடுப்பான். அக்காவைப் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கிறது, நாளைக்கே தேனிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். எனக்குத் தெரியாமலா இருக்கும். வாரக் கடைசி முடியட்டும் என்று இருந்தேன்.

ஒரு மணிக்கு வழக்கம்போலத் தெரு நாய்களுக்குக் கடைக் கழிவைப் போட்டேன். ஏழு நாய். கடிகாரம் பார்த்து வருகிற மாதிரி வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். எதிர் வீட்டுத் தையல்கார ஜெயசீலி தன் மிஷினில் இருந்தபடியே, வாயில்லாத ஜீவனுக்குப் போடுகிற புண்ணியம் உங்களை வைத்துக் காப்பாற்றும் அண்ணே என்றாள். தினமும் சொல்வாள். தினமும் கேட்கப் பிடிக்கும்.

ஜூன் 9, திங்கள்

தேனிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கட்டி. ஒரு சின்னத் தேங்காய் அளவு இருக்கிறதாம்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. பொறுமையாகப் பேசுகிறார். அழகர் ஆட்டோவை நிறுத்தப் போயிருந்தான். குருவம்மாள் படுக்கையில் இருந்தாள். டாக்டரம்மா என்னென்னவோ கேட்டார். என்ன தொழில், எந்தத் தண்ணீர் குடிக்கிறோம், வீட்டில் ஏதாவது வளர்க்கிறோமா என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்படியானால் சீழ்க்கட்டியாகத்தான் இருக்கும், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஊசி விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம், பயப்பட வேண்டாம் என்றார். குருவம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பெரிய வட்டம். அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது.

ஜூன் 10, செவ்வாய்

தோப்புக்குக் காவல் வேண்டும் என்று அழகர் போன வருஷமே கேட்டிருந்தான். இன்று காலையில் சிப்பாயைக் கொண்டுபோய் அங்கே கட்டிவிட்டு வந்தேன். குரைத்துக்கொண்டே இருந்தான்.

ஒரு மணிக்கு நாய்கள் வந்து உட்கார்ந்தன. ஒன்றும் போடவில்லை. இரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தன. என்ன அண்ணே, இன்றைக்கு விரதமா என்று ஜெயசீலி கேட்டாள். சிரித்து வைத்தேன்.

ஜூன் 11, புதன்

காலையில் ஆடடிக்கும் தொட்டியில் முத்திரை குத்த மாட்டு டாக்டர் வந்திருந்தார். சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன், ஈரலில் வருகிற இந்தத் தண்ணிக்கட்டி மனுஷனுக்கும் வருமா என்று.

வரும் என்றார். முத்திரை குத்திக்கொண்டே சொன்னார். கட்டி இருக்கிற ஈரலைப் பச்சையாகத் தின்கிற நாயின் குடலில் ஒரு புழு வளரும். அரிசியைவிடச் சின்னது. நாய்க்கு அதனால் ஒன்றும் ஆகாது, நன்றாக ஓடியாடித் திரியும். ஆனால் அது வெளிக்குப் போகிற இடமெல்லாம் அந்தப் புழுவின் முட்டை. மண்ணில், கீரையில், நாயின் ரோமத்தில். அது நம் கை வழியாக வாய்க்குள் போனால் ஈரலில் உட்கார்ந்து வருஷக் கணக்கில் வளரும்.

அந்தக் கட்டியில் ஊசி குத்தினால் என்று கேட்டேன். அவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன ஏதுன்னு தெரியாம குத்தக் கூடாதுய்யா. உள்ள இருக்குற தண்ணி வயித்துக்குள்ள செதறுச்சுன்னா, அந்த எடத்துலயே ஆள் போயிரலாம். யாருக்கு?" என்றார்.

தெரிந்தவர் ஒருவருக்கு என்றேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன்.

காலை எட்டு மணிக்கு அழகர் ஆட்டோவில் குருவம்மாளை ஏற்றிக்கொண்டு போனான். ஒரு காதுகுத்து வீட்டுக்கு நான்கு ஆடு சொல்லியிருந்தார்கள், முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது ஆடு வயசான செம்மறி. வயிற்றைக் கிழித்து ஈரலை எடுத்தேன். பெரிய கட்டி, கை கொள்ளாத அளவு. வேறு நாளாக இருந்தால் ஓரமாகத் தூக்கிப் போட்டிருப்பேன். இன்று கத்தி முனையால் மெதுவாகத் தொட்டேன். தண்ணீர் பீறிட்டு என் சட்டையில் அடித்தது. வெட்டி விரித்தேன். பெரிய பைக்குள் சின்னச் சின்னப் பைகள், திராட்சை மாதிரி. திங்கட்கிழமை ஜன்னலில் வைத்துப் பார்த்த படம் அதுதான். அன்றைக்கே எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஈரல் அறுத்தவனுக்கு அது தெரியாமல் போகுமா?

கத்தியை வைத்துவிட்டேன். காதுகுத்து வீட்டுக்காரரை வேறு கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கன்னாபின்னாவென்று திட்டினார். ஈரலில் இன்னொரு கட்டி உடையாமல் இருந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே அறுத்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். ரத்தச் சட்டையோடுதான் போனேன்.

போய்ச் சேரும்போது பத்து நாற்பது. நர்ஸ் என்னை உள்ளே விடவில்லை. தூக்கில் என்ன என்று கேட்டாள், ஈரல் என்றேன், இங்கே சாப்பாடு அனுமதி இல்லை என்றாள். சத்தம் கேட்டு டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். பின்னால் அழகரும் வந்து நின்றான். ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஓரம் இல்லை. எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அம்மா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். எங்க வீட்டுல நாய் இருக்கு. இந்த மாதிரி ஈரலையெல்லாம் நான்தான் அதுக்குப் பச்சையாப் போடுவேன். இவ வயித்துல இருக்குறது இதுதான்."

தூக்கைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, ஊசி வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள் என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினார். ரத்தச் சட்டையோடு அந்த வெள்ளைப் பெஞ்சில் உட்கார வெட்கமாக இருந்தது. நின்றுகொண்டே அழுதேன்.

ஜூன் 13, வெள்ளி

கடை இல்லை. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

அதுதான். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். அதற்கு முன்னால் மூன்று வாரம் மாத்திரை.

எனக்கும் அழகருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. நாயைக் கொஞ்சியவன் நான். கொல்லையைக் கூட்டியவள் அவள்.

அழகர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, "அக்கா ஒங்களுக்கு என்ன கொறை வச்சுச்சு மாமா?" என்று மட்டும் கேட்டான்.

ஜூன் 20, வெள்ளி

சிப்பாயைத் தோப்பிலிருந்து அவிழ்த்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போன வாரம் புதன்கிழமை பார்த்த அதே டாக்டர். தெரிந்தவர் யார் என்று இப்போது அவர் கேட்கவில்லை.

சிப்பாய்க்கும் தெரு நாய்களுக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். மாத்திரை கொடுத்த பின் அவை போவதை அள்ளி எரித்துவிட வேண்டும். கட்டி இருக்கிற ஈரல், நுரையீரல் எதையும் நாய் தொடக் கூடாது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். நாயை விரட்ட வேண்டாம், அதன் மேல் குற்றமில்லை என்றார். அது எனக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அந்த ஈரலை நாய்க்குப் போடாமல், கட்டியை வெட்டி எறிந்துவிட்டு மற்றவர்கள் மாதிரி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விற்பதும் தப்புதான் என்றார். ஆனால் ஆட்டில் இருக்கிற கட்டியைத் தின்பதால் மனுஷனுக்கு இந்த நோய் வராது, நாய் வழியாகத்தான் வரும் என்றார்.

வாங்கித் தின்றிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் யோக்கியமாக இருந்துதான் இது வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சிரித்துவிடுவார்கள்.

ஜூன் 21, சனி

நாய்களுக்கு மாத்திரையை இட்லியில் வைத்துக் கொடுத்தேன். கறுப்பி மட்டும் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிட்டாள். நான்கு முறை. கடைசியில் கருவாட்டுத் துண்டில் ஏமாந்தாள்.

கொல்லையில் இருந்ததையெல்லாம் நானே குனிந்து அள்ளினேன். இடுப்புப் பிடிக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மதுரை. நாளை காலை ஆபரேஷன். வார்டில் என்னை இருக்க விடவில்லை, பெண்கள் வார்டு. அழகர் வீட்டுக்காரி கூட இருக்கிறாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

ஐந்து மணி நேரம் ஆயிற்று. பிழைத்துவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

குருவம்மாள் இன்று கஞ்சி குடித்தாள். கஞ்சியில் உப்பில்லை என்று ஆயாவிடம் சண்டை போட்டாள். அதைக் கேட்க நன்றாக இருந்தது.

பார்வையாளர் நேரத்தில் உள்ளே போயிருந்தபோது, டைரியைக் கட்டிலில் வைத்துவிட்டு மாத்திரை வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது அவள் படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கியிருக்கலாம். நின்றுகொண்டிருந்தேன். அவள் விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க நாய் இல்லைன்னு சொல்லும்போது, நான் இருக்குன்னு சொல்லிருக்கணும். கடைப் பேரு கெட்டுப்போகுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். அது என் தப்பு. ஆனா குத்துனா ஆள் போயிரும்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குப் புதன்கிழமையே தெரிஞ்சிருக்கு. அப்ப வியாழக்கிழமை எதுக்குங்க கடை தொறந்தீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். கடைக்குப் போனால் அன்றைய தினம் மற்ற நாள் மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம். அவளைவிடக் கடைப் பெயர் பெரிதாகத் தெரிந்ததா என்றால், அந்த மூன்று நாளும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. இதை எழுத வேண்டியிருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜூலை 19, சனி

வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் கொல்லைக்குப் போய்ப் பாத்தியைப் பார்த்தாள். மண்ணை எல்லாம் வெட்டி எடுத்து ஆழமாகப் புதைத்துவிட்டுப் புது மண் கொட்டி, சுற்றி வலை கட்டியிருக்கிறேன். கட்டியது கோணலாக இருக்கிறது என்றாள்.

மதுரை டாக்டர் அனுப்பும்போது ஒன்று சொன்னார். உங்கள் தெருவில் நாய்களோடு புழங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது, இந்தக் கட்டி பத்து வருஷம்கூட வலியில்லாமல் இருக்கும் என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

கடை திறந்தேன். ஒரு ஆடுதான். எல்லோரும் குருவம்மாளை விசாரித்தார்கள். ஈரலில் கட்டி, எடுத்தாயிற்று என்றேன். கேட்டவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள்.

மத்தியானம் அழகர் சாப்பிட வந்திருந்தான். தெருவில் சொல்ல வேண்டும் என்று பேச்செடுத்தேன். அவனுக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது, இந்த முறை வேறு காரணத்துக்கு. "டாக்டர்ட்ட சொன்னீங்க, சரி. தெருவுல சொன்னா, அந்தாளு கடைக் கறியில புழு இருக்குன்னுதான் ஊர் பேசும். ஒரு பய வர மாட்டான். நாய்க்கு மாத்திரை குடுத்தாச்சுல்ல, விடுங்க மாமா" என்றான்.

அவன் சொல்வது நடக்கும். எனக்குத் தெரியும். குருவம்மாள் அவன் இலையில் ரசத்தை ஊற்றிவிட்டு, "எனக்கு வந்ததுனால ஒங்க மாமா தூக்குவாளியத் தூக்கிட்டு ஓடி வந்தாரு. தெருக்காரவுங்களுக்கு வந்தா யாருடா ஓடி வருவா?" என்று கேட்டாள்.

ஜூலை 23, புதன்

காலையில் கடை முடிந்ததும் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டேன். குருவம்மாளும் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். தையல் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, நடக்கக் கூடாது என்றேன். "தனியாப் போனா பாதியச் சொல்லிட்டு மீதிய முழுங்கிருவீங்க" என்றாள். இந்த மனுஷியிடம் முப்பது வருஷமாகப் பேசி ஜெயித்ததில்லை.

முதலில் ஜெயசீலி வீடு. மிஷினில் ஒரு பாவாடை ஓடிக்கொண்டிருந்தது. காலடியில் கறுப்பி படுத்துக் கிடந்தாள். குருவம்மாளைப் பார்த்ததும் ஜெயசீலி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, உட்காரச் சொல்லி, மேலெல்லாம் தடவிப் பார்த்தாள். நாய்களுக்கு ஏதோ பூச்சியாம், டாக்டர் சொன்னார் என்று ஆரம்பித்தேன். குருவம்மாள் என்னைப் பார்த்தாள். முதலிலிருந்து மறுபடி சொன்னேன். கட்டி இருக்கிற ஈரலை நாய்க்குப் போட்டது, அதிலிருந்து வந்த புழு, குருவம்மாளின் வயிறு, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம் சொன்னேன். எல்லோரும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

ஜெயசீலி மிஷினில் போய் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை.

"இது எங்க வீட்டுலதான்ணே மூணு தடவ குட்டி போட்டுச்சு" என்றாள், கறுப்பியைப் பார்த்துக்கொண்டு. "பேரன் பேத்தியெல்லாம் இதுகூடத்தான் உருண்டு வெளையாடும்." பிறகு, "நல்ல ஈரல் வேணும்னா ஒங்க கடைக்குத்தான் போகணும்னு நான் எத்தன பேருட்டச் சொல்லிருக்கேன்" என்றாள்.

"நல்லதத்தான்மா வித்தேன்" என்றேன். "கெட்டதையெல்லாம் ஒங்க வாசல்ல கொண்டாந்து போட்டிருக்கேன்."

அவள் உள்ளே மருமகளைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடச் சொன்னாள். பிறகு எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

குருவம்மாள் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் நடந்தாள். தெருவில் இன்னும் பதினோரு வீடு இருந்தது.